மனுவில் எழுதப்படாத சாதி: குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்குகளில் நடப்பது என்ன?

வட மாவட்டம் ஒன்றின் குடும்ப நல நீதிமன்றத்தில் நான் நடத்திய வழக்கு அது. மாதம் இருமுறை, இரண்டு மணி நேரம், நீதிமன்ற வளாகத்திலேயே தந்தை தன் மகளைச் சந்திக்கலாம் என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. அதைப் பெறுவதற்கே ஏழு வாய்தாக்கள் ஆயின. முதல் சந்திப்பு நாளன்று அந்தத் தந்தை, தன் தாய் செய்து கொடுத்த அதிரசத்தை எவர்சில்வர் டப்பாவில் எடுத்து வந்திருந்தார். ஆறு வயதுச் சிறுமி டப்பாவைப் பார்த்தாள். பிறகு வேப்பமரத்தடியில் நின்றிருந்த தாய்மாமனைத் திரும்பிப் பார்த்தாள். "அங்க செஞ்சதச் சாப்பிடக் கூடாதுன்னு மாமா சொல்லியிருக்காரு" என்றாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அதே பாட்டியின் கையால் சோறுண்டு வளர்ந்த குழந்தை அவள்.

அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தந்தை பட்டியல் சாதியில் பிறந்தவர், இருசக்கர வாகனம் பழுதுபார்ப்பவர். தாய் ஆதிக்கச் சாதி ஒன்றில் பிறந்தவர். இருவரும் காதலித்து மணந்து, நகரத்தில் வாடகை வீட்டில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தனர். பிரிவுக்கு அவர்களுக்குள் காரணங்கள் இருந்தன; அவற்றை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. நான் எழுத விரும்புவது வேறு. அந்த வழக்கின் மனுவிலும் எதிருரையிலும், ஆலோசகரின் அறிக்கையிலும் இடைக்கால உத்தரவிலும் 'சாதி' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. எங்கள் தரப்பு மனுவை எழுதியவன் நான். நானும் அதை எழுதவில்லை. குடும்ப வழக்கில் சாதியை இழுத்தால் நீதிபதிக்கு எரிச்சல் வரும் என்று மூத்த வழக்கறிஞர் ஒருவர் அறிவுரை கூறியிருந்தார். அதை நடைமுறை ஞானம் என்று ஏற்றுக்கொண்டேன். அதிரசத்தை வாங்க மறுத்த அந்தக் கையைப் பார்த்த பிறகுதான், அது ஞானமன்று, பிழை என்று உணர்ந்தேன். இக்கட்டுரை அந்தப் பிழையிலிருந்து தொடங்குகிறது.

சாதி இங்கே ஏன் வருகிறது?

1916 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' என்னும் ஆய்வுரையில், சாதியின் சாரம் அகமணம்தான் என்று அண்ணல் அம்பேத்கர் நிறுவினார். சாதி தன்னைக் காத்துக்கொள்வது சொந்தக் குழுவுக்குள் மட்டுமே மணம் செய்வதன் வழியாகத்தான் என்றால், அந்த வேலியைத் தாண்டிய ஒவ்வொரு திருமணமும் சாதிக்கு நேர்ந்த ஓர் உடைப்பு. இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பின் 2011–12 ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, நாட்டில் நடக்கும் திருமணங்களில் சாதி கடந்தவை நூற்றுக்கு ஐந்து அளவில்தான். இந்தச் சிறு எண்ணிக்கையைக்கூடச் சாதியச் சமூகம் பொறுத்துக்கொள்வதில்லை என்பதற்கு ஆணவக் கொலைகளே சான்று.

கொலை நடக்காத இடங்களில் என்ன நடக்கிறது என்பதை நாம் போதிய அளவு பேசவில்லை. தம்பதியர் தாக்குப்பிடித்து வாழ்கிறார்கள், குழந்தை பிறக்கிறது, பிறகு பிணக்கு வருகிறது. எந்தக் குடும்பத்திலும் வரக்கூடிய பிணக்குதான். ஆனால் அந்நேரம்வரை படியேறாத பிறந்த வீட்டார், மன்னித்துவிட்டோம் என்று சொல்லி, மகளையும் பேரக்குழந்தையையும் அழைத்துச் செல்ல வருகிறார்கள். மகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது அவர்களுக்கு எளிது. குழந்தையின் உடலில் ஓடும் தந்தையின் உறவை என்ன செய்வது என்பதுதான் அவர்களின் சிக்கல். அதை அவர்கள் ஒரே நாளில் தீர்ப்பதில்லை. பள்ளியை மாற்றுகிறார்கள். தலைப்பெழுத்தை மாற்ற முயல்கிறார்கள். காதணி விழா அழைப்பிதழில் தந்தையின் பெயரையும் தந்தைவழிப் பாட்டன் பாட்டி பெயர்களையும் விட்டுவிடுகிறார்கள். எந்த வீட்டில் எதைச் சாப்பிடக் கூடாது என்று குழந்தைக்குக் கற்பிக்கிறார்கள். அகமணத்தின் வேலியில் விழுந்த உடைப்பு, ஒரு குழந்தையின் நினைவை அழிப்பதன் வழியாக அடைக்கப்படுகிறது. அதற்கான கால அவகாசத்தை நீதிமன்ற வாய்தாக்கள் வழங்குகின்றன.

குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும் என்பது என் வாதமன்று. பெரும்பாலான வழக்குகளில் அந்தத் தாயும் அவ்வீட்டில் சுதந்திரமாக இல்லை. குழந்தையைக் காட்டி அவரையும் கட்டிவைத்திருக்கிறார்கள். குழந்தை யாரிடம் வளர்ந்தாலும், அதன் தலித் பக்கம் அழிக்கப்படக் கூடாது. நான் வலியுறுத்துவது அதை மட்டுமே.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

பராமரிப்பு உரிமை வழக்குகள் முதன்மையாக இரண்டு சட்டங்களின்கீழ் நடக்கின்றன. ஒன்று, காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம், 1890. மற்றொன்று, இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956. பின்னதன் 6 ஆம் பிரிவு, இயற்கைக் காப்பாளர் தந்தை, 'அவருக்குப் பின்' தாய் என்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 'அவருக்குப் பின்' என்பதைத் தந்தை இறந்த பின் என்று மட்டும் கொள்ளாமல், தந்தை பொறுப்பேற்காத நிலையிலும் எனப் பொருள் கொள்ள வேண்டும் என்று எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 13 ஆம் பிரிவு எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலனே தலையாயது என்கிறது. தாயின் உரிமை, தந்தையின் உரிமை என்பவை அதற்குக் கீழ்ப்பட்டவை. இக்கோட்பாடு சரியானது, நாம் அதன் பக்கமே நிற்க வேண்டும்.

அந்த நலனை எப்படி அறிவது என்பதில்தான் சிக்கல். 1890 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, குழந்தையின் வயது, பால், மதம், காப்பாளராக வர விரும்புபவரின் குணம், தகுதி, உறவின் நெருக்கம் ஆகியவற்றைக் கருதச் சொல்கிறது. வெள்ளையர் இயற்றிய சட்டத்துக்கு மதம் தெரிந்திருக்கிறது, சாதி தெரியவில்லை. விடுதலைக்குப் பின் நாம் இயற்றிய 1956 ஆம் ஆண்டுச் சட்டமும் சாதியைக் கண்டுகொள்ளவில்லை. சட்டம் சாதியின் பெயரைச் சொல்லாததால் நீதிமன்ற அறைக்குள் சாதி வரவில்லை என்று பொருளில்லை. பெயர் சொல்லாமல் வருகிறது என்றுதான் பொருள்.

எங்கே வழக்குத் தொடுப்பது என்பதிலிருந்தே அது தொடங்குகிறது. 1890 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, குழந்தை சாதாரணமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்துக்கே அதிகார வரம்பு உண்டு. குழந்தையை ஆதிக்கச் சாதியினர் வலுவாக உள்ள ஊருக்குக் கொண்டு சென்று, பள்ளியில் சேர்த்து, சில மாதங்கள் கடத்திவிட்டால், அதுவே குழந்தை வசிக்கும் இடம் என்ற வாதம் எழும். பிறகு தலித் தந்தை ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த ஊருக்குப் போக வேண்டும். எந்தத் தெருவுக்குள் செருப்பணிந்து நடக்கத் தன் பாட்டனுக்கு அனுமதியில்லையோ, அந்தத் தெருவில் உள்ள வீட்டுக்குச் சென்று தன் குழந்தையை அழைத்து வர வேண்டும். 'வீட்டுக்குச் சென்று குழந்தையைச் சந்திக்கலாம்' என்ற உத்தரவு, காகிதத்தில் தாராளமானதாகத் தெரியும். நடைமுறையில் அது நிறைவேற்ற முடியாத உத்தரவு. அவர் போகாதபோது, தந்தைக்கு அக்கறையில்லை என்பது அடுத்த மனுவில் ஒரு பத்தியாகிறது.

குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம், 1984, சமரசத்துக்கு முன்னுரிமை தருகிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் சமரச மேசையின் இருபுறமும் சமமானவர்கள் அமர்வதில்லை. ஒருபுறம் ஊர்ப் பெரியவர்கள் என்ற பெயரில் சாதி அமைப்பின் பொறுப்பாளர்கள் வருகிறார்கள். மறுபுறம் ஒரு நாள் கூலியை இழந்து வந்த தந்தை தனியாக அமர்ந்திருக்கிறார்.

நலனை அளக்கும் படி

வழக்கு விசாரணையில் நலன் எதனால் அளக்கப்படுகிறது? சொந்த வீடா, வாடகை வீடா, ஆங்கிலவழிப் பள்ளியா, அரசுப் பள்ளியா, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, மாத வருமானம் எவ்வளவு, சுற்றுப்புறம் எப்படிப்பட்டது. ஒவ்வொன்றும் தன்னளவில் நியாயமான கேள்வியாகவே தோன்றும். ஆனால் நிலம், வீடு, தலைமுறைச் சேமிப்பு, ஓய்வாக வீட்டிலிருக்கும் தாத்தா ஆகியவை சாதிவாரியாகவே பங்கிடப்பட்டிருக்கும் நாட்டில், இந்தப் படியால் அளந்தால் தராசு எந்தப் பக்கம் தாழும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது. 'சுற்றுப்புறம் சரியில்லை' என்பது சேரிக்கு நீதிமன்றத்தில் வழங்கும் மறுபெயர். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் வராத காலனியை உருவாக்கியது யார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

இங்கு நாம் பயன்படுத்த வேண்டிய தீர்ப்புகள் உள்ளன. 2019 இல் உச்ச நீதிமன்றம், பெற்றோரில் ஒருவருக்குள்ள கூடுதல் பொருளாதார வசதி கருதத்தக்க காரணிகளில் ஒன்றேயன்றி, தனித்து முடிவு செய்யும் காரணியாகாது என்று கூறியது. அதே தீர்ப்பு, நலனை மதிப்பிடும் காரணிகளைப் பட்டியலிடுகையில், குழந்தையைச் சமூகத்தோடு தொடர்ந்து ஈடுபாடு கொள்ளச் செய்யும் திறனையும் சேர்த்திருக்கிறது. இந்தக் காரணியை நாம் இறுகப் பற்ற வேண்டும். தன் சமூகத்தில் பாதியை வெறுக்கக் கற்பிக்கும் வீடு, எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும், இந்தக் காரணியில் தோற்கிறது. குழந்தையைச் சாதியின் பெயரால் ஒரு பெற்றோரிடமிருந்து விலக்குவது மனரீதியான துன்புறுத்தல் என்று மனுவிலேயே எழுத வேண்டும். காதணி அழைப்பிதழ், மாற்றப்பட்ட பள்ளிப் பதிவு, குரல் பதிவுகள், குழந்தை பேசிய சொற்கள் ஆகியவற்றை அதற்கான சான்றாக வைக்க வேண்டும்.

குழந்தையின் விருப்பமும் அப்படித்தான். அறிவார்ந்த விருப்பத்தைத் தெரிவிக்கும் வயது வந்த குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்கிறது 17 ஆம் பிரிவு. நீதிபதியின் அறையில் "அப்பாகிட்டப் போக மாட்டேன்" என்று குழந்தை சொன்னால் அது பதிவாகும். ஏன் போக மாட்டாய் என்ற இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையும் பதிவாக வேண்டும். தந்தை அடித்தார் என்பது அந்த விடையானால், அதை மதித்து நாம் விலகி நிற்க வேண்டும். 'அவங்க வேற ஆளுங்க' என்பது விடையானால், அந்த விருப்பம் குழந்தையுடையதன்று.

சான்றிதழ் என்னும் இரண்டாவது வழக்கு

பராமரிப்பு உத்தரவு இன்னொரு கேள்வியையும் ஓசையின்றி முடிவு செய்துவிடுகிறது: குழந்தையின் சாதிச் சான்றிதழ். இதில் நிலவும் சட்ட நிலையைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

குஜராத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில், 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பை வழங்கியது. தாய் பழங்குடியினர், தந்தை பழங்குடியல்லாதவர். தந்தையின் சாதியே குழந்தையின் சாதி என்று கூறி மகனின் பழங்குடிச் சான்றிதழ் ரத்து செய்யப்பட்டிருந்தது. சாதி கடந்த மணத்தில் பிறந்த குழந்தை தந்தையின் சாதியைப் பெறுகிறது என்ற அனுமானம் உண்டு. தந்தை முன்னேறிய சாதியினராயின் அது இன்னும் வலுவானது. ஆயினும் அது மறுக்க முடியாத அனுமானமன்று என்றது நீதிமன்றம். பட்டியல் சாதி அல்லது பழங்குடித் தாயால் வளர்க்கப்பட்டு, அச்சமூகத்தின் பிறரைப் போலவே இழப்புகளையும் இழிவுகளையும் அனுபவித்ததைக் குழந்தை மெய்ப்பிக்கலாம் என்று கூறி, உண்மைகளை ஆராய்ந்து முடிவு செய்யுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஒரு தலித் தாயோ பழங்குடித் தாயோ தன் குழந்தையைத் தனித்து வளர்த்தால் அந்த வாழ்வுக்குச் சட்ட மதிப்பு உண்டு என்பதை இத்தீர்ப்பு உறுதிசெய்தது.

2024 டிசம்பரில் வந்த தீர்ப்பு மறுமுனையிலிருந்து வந்தது. தந்தை தலித், தாய் தலித் அல்லாதவர். பிரிந்தபின் பதினொரு வயது மகனும் ஆறு வயது மகளும் ராய்ப்பூரில் தாய்வழிப் பாட்டன் பாட்டி வீட்டில் ஆறு ஆண்டுகளாக வளர்ந்து வந்தனர். திருமணத்தால் ஒருவரின் சாதி மாறாது. எனவே தலித் அல்லாத பெண் பட்டியல் சாதியினராக முடியாது என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதேநேரம், அரசமைப்பின் 142 ஆம் உறுப்பைப் பயன்படுத்தி, குழந்தைகளுக்கான பட்டியல் சாதிச் சான்றிதழ்களைத் தந்தை ஆறு மாதங்களுக்குள் பெற்றுத்தர வேண்டும் என்றும், முதுகலைவரை அவர்களின் கல்விச் செலவை ஏற்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. குழந்தைகள் தந்தையை அவ்வப்போது சந்திக்கவும் விடுமுறையில் அவருடன் இருக்கவும் தாய் ஒத்துழைக்க வேண்டும் என்றும் கூறியது.

இந்த இரண்டாவது உத்தரவில் நாம் கவனிக்க வேண்டியது, சான்றிதழும் சந்திப்பும் ஒரே உத்தரவில் இடம்பெற்றிருப்பது. நடைமுறையில் இவை பிரிக்கப்படுகின்றன. தந்தையைப் படியேற்றாத குடும்பம், கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் மட்டும் அவருடைய சாதிச் சான்றிதழின் நகலைக் கேட்டு ஆள் அனுப்புவதை நான் கண்டிருக்கிறேன். சில குடும்பங்கள் அதற்கும் அஞ்சி, அந்தச் சான்றிதழே வேண்டாம் என்று குழந்தையின் அரசமைப்பு உரிமையைக் கைவிடுகின்றன. முதலாவது சுரண்டல், இரண்டாவது அழிப்பு. குழந்தையின் நலன் இரண்டிலும் இல்லை.

தமிழ்நாட்டில் 1975 ஆம் ஆண்டு அரசாணை ஒன்றின்படி, சாதி மறுப்புத் திருமணத்தில் பிறந்த குழந்தைகள் பெற்றோர் தரும் உறுதிமொழியின் அடிப்படையில், வளர்க்கப்படும் முறையைப் பொறுத்து, இருவரில் ஒருவரின் வகுப்பைச் சேர்ந்தவர்களாகக் கருதப்படலாம். முற்போக்கான ஆணை. ஆனால் பெற்றோர் பிரிந்துவிட்டால் உறுதிமொழியை யார் தருவது? ஒருவர் ஒன்றும் மற்றவர் வேறொன்றும் கூறினால் வட்டாட்சியர் எதை ஏற்பார்? 'வளர்க்கப்படும் முறை'தான் அளவுகோல் என்றால், குழந்தையை முதலில் கொண்டுபோனவர் அதன் சாதியையும் தீர்மானித்துவிடுகிறார். ஆகவே, பராமரிப்பு மனுவிலேயே சான்றிதழ் பற்றிய வேண்டுகோளையும் சேர்க்க வேண்டும் என்கிறேன்.

திருமணத்தை மறுத்தலும் மதத்தைச் சுட்டுதலும்

இன்னும் இரண்டு கண்ணிகள் உள்ளன. முதலாவது, திருமணமே நடக்கவில்லை என்று மறுப்பது. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6 ஆம் பிரிவில், முறையான திருமணத்துக்கு அப்பால் பிறந்த குழந்தைக்கு முதலில் தாயும், அவருக்குப் பின்னரே தந்தையும் இயற்கைக் காப்பாளர்கள். எனவே திருமணம் மெய்ப்பிக்கப்படாவிட்டால் தந்தையின் நிலை ஒரே வரியில் பின்தள்ளப்படுகிறது. தமிழ்நாட்டில் 1967 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சுயமரியாதைத் திருமணங்கள் செல்லும். 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தால் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். ஆயினும் அச்சத்தில் ஓடி வந்து மாலை மாற்றிக்கொண்ட பலர் பதிவு அலுவலகத்தின் படியை மிதிப்பதில்லை. அதன் விலையைப் பிறகு குழந்தை கொடுக்கிறது.

இரண்டாவது, மதம். அதே 6 ஆம் பிரிவின்படி, இந்துவாக இருப்பதைக் கைவிட்டவர் இயற்கைக் காப்பாளராகச் செயல்பட முடியாது. பௌத்தரும் சீக்கியரும் சமணரும் இச்சட்டத்தின் நோக்கில் இந்துக்களாகவே கொள்ளப்படுவதால், பௌத்தம் தழுவியவருக்கு இத்தடை பொருந்தாது. கிறித்தவத்தையோ இசுலாத்தையோ தழுவியவருக்குப் பொருந்தும். நலனே தலையாயது என்ற கோட்பாட்டின்படி நீதிமன்றம் அவரிடமும் குழந்தையை ஒப்படைக்க இயலும். ஆனால் இயற்கைக் காப்பாளர் என்ற தகுதியோடு அவர் வாதத்தைத் தொடங்க முடியாது. 1950 ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை 1956 இல் சீக்கியருக்கும் 1990 இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது. கிறித்தவ, இசுலாமிய தலித்துகள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். சாதியின் இழிவிலிருந்து தப்ப மதம் மாறிய ஒருவர், முதலில் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். பிறகு, தன் குழந்தையின் இயற்கைக் காப்பாளர் என்ற நிலையையும் இழக்கிறார். பட்டியல் சாதித் தகுதிக்காக நாம் போராடும் மேடைகளில் இந்த இரண்டாவது இழப்பைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நம் வீட்டுப் பெண்களின் வழக்குகள்

இதுவரை எழுதியதை, தலித் ஆணின் தந்தை உரிமைக்கான வாதமாக மட்டும் யாரும் படித்துவிடக் கூடாது. என் அலுவலகத்துக்கு வரும் பராமரிப்பு வழக்குகளில் பெரும்பாலானவை தலித் பெண்களுடையவை. ஆதிக்கச் சாதி ஆணை மணந்து, சில ஆண்டுகளில் கைவிடப்பட்டு, மகனை மட்டும் அவர்கள் பிடுங்கிக்கொள்ள, வாசலில் நிறுத்தப்பட்ட பெண்கள் உண்டு. குடித்துவிட்டு அடிக்கும் நம் ஆண்களிடமிருந்து குழந்தைகளோடு வெளியேறிய பெண்கள் அவர்களைவிட அதிகம். அதிகாலையில் துப்புரவுப் பணிக்குச் செல்லும் தாயிடம், "காலையில் குழந்தையை யார் பார்ப்பார்?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். அந்தத் தரப்பில் நிற்பவர் நம் தோழராகவே இருப்பதும் உண்டு. வெளியே சமத்துவம் பேசிவிட்டு, தந்தைதான் இயற்கைக் காப்பாளர் என்று 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆணாதிக்கத்தை வீட்டுக்குள் ஆயுதமாக எடுப்பவருக்காக நான் வாதிடுவதில்லை.

ஜீவனாம்சம் கொடுப்பதும் இதோடு சேர்ந்ததே. குழந்தை யாரிடம் இருந்தாலும் அதன் பராமரிப்புச் செலவு தந்தையின் கடமை. "பார்க்க விடவில்லை, அதனால் கொடுக்கவில்லை" என்ற வாதம் சட்டத்திலும் நிற்காது, அறத்திலும் நிற்காது. குழந்தையின் பள்ளிக் கட்டணத்தை மாதந்தோறும் வங்கி வழியே செலுத்திய இரசீதுகள், எந்த வாதத்தையும் விட வலுவாகத் தந்தையின் அன்பை மெய்ப்பிக்கும்.

வன்முறைக்கு ஆளான தாய்மார்கள், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 இன் 21 ஆம் பிரிவின்கீழ் குற்றவியல் நடுவரிடமே குழந்தையின் தற்காலிகப் பராமரிப்பைக் கோரலாம். சந்திப்பு குழந்தைக்குத் தீங்கு விளைவிக்குமென்றால் நடுவர் அதை மறுக்கவும் செய்யலாம்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, காலம். குழந்தை கொண்டு செல்லப்பட்ட சில நாட்களுக்குள் செயல்பட வேண்டும்; ஓராண்டு கழித்து வருபவரின் வழக்கு பாதி தோற்ற வழக்கு. குழந்தையைச் சட்டப்படி வைத்திருக்க உரிமையில்லாத ஒருவரிடம் அது இருக்குமானால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம் என்று 2019 இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருக்கிறது. குழந்தை தாயிடமே இருக்கும்போது அந்த வழி பெரும்பாலும் பயன் தராது. 1890 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12 ஆம் பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவு கோருவதே முறை.

இரண்டாவதாக, செலவு. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987 இன் 12 ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு நிபந்தனையில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வாசல்வரை ஒருவரை அழைத்துச் செல்வதும் களப்பணிதான்.

மூன்றாவதாக, சந்திப்பின் இடம். இரு தரப்புக்கும் பொதுவான, சாதி வலிமை செல்லாத இடத்தை மனுவில் பெயர் குறித்துக் கேட்க வேண்டும். குழந்தையை ஒப்படைக்க வருபவர் யார், உறவினர் எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும், தந்தைவழிப் பாட்டி உடனிருக்கலாமா என்பவை உத்தரவில் எழுதப்பட வேண்டும். எழுதப்படாத ஒவ்வொன்றையும் வலியவர் தம் விருப்பப்படி நிரப்பிக்கொள்வார்.

நான்காவதாக, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், அது நீதிமன்ற வளாகமே ஆனாலும், குற்றம்தான். புகார் அளிக்கத் தயங்கக் கூடாது. ஆனால் பேரத்துக்காகக் குழந்தையின் தாய்மீதே அச்சட்டத்தை ஏவும் ஆலோசனைக்கு இணங்கக் கூடாது. நாளை அந்தக் குழந்தை இரண்டு கோப்புகளையும் படிக்கும்.

ஐந்தாவதாக, நம் கோரிக்கை. சாதி மறுப்பு இணையர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று 2016 இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2018 இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டன. ஆணவக் குற்றங்களுக்கெதிரான தனிச்சட்டத்துக்காக இயக்கங்கள் தொடர்ந்து குரல் கொடுக்கின்றன. இவையெல்லாம் இணையரின் உயிரைப் பற்றிப் பேசுகின்றன. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளைப் பற்றிப் பேசவில்லை. கோரப்படும் சட்டத்தில் குழந்தைகளுக்கென ஓர் அத்தியாயம் இடம்பெற வேண்டும். சாதியின் பெயரால் குழந்தையை ஒரு பெற்றோரிடமிருந்து விலக்குவதை நலனுக்கு எதிரான செயலாக அது அறிவிக்க வேண்டும். பெற்றோர் பிரிந்தாலும் இரு பக்கப் பெயரும் உறவும் சான்றிதழ் உரிமையும் குழந்தைக்குத் தொடரும் என்று உறுதி செய்ய வேண்டும். 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தில் தாயைப் பின்னுக்குத் தள்ளும் சொற்களும், மதம் மாறியவரைத் தகுதியிழக்கச் செய்யும் வரியும் நீக்கப்பட வேண்டும்.

நான் தொடக்கத்தில் சொன்ன வழக்கு இன்னும் முடியவில்லை. நாங்கள் கூடுதல் மனு ஒன்றைத் தாக்கல் செய்தோம். அதில் சாதியை எழுதினோம், அதிரசத்தையும் எழுதினோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபித்தார். நீதிபதி எரிச்சலடையவில்லை. இரண்டு முறை படித்துவிட்டு, சந்திப்பின்போது தாய்மாமன் வளாகத்துக்குள் வரக் கூடாது என்றும், தந்தைவழிப் பாட்டி உடனிருக்கலாம் என்றும் உத்தரவிட்டார். சிறிய உத்தரவுதான். அடுத்த சந்திப்பில் பாட்டி வந்தார். சிறுமி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை, டப்பாவையும் தொடவில்லை. கிளம்பும் நேரத்தில், பாட்டியின் கையிலிருந்த பழைய கண்ணாடி வளையல் எங்கே என்று மட்டும் கேட்டாள்.